வயது ஒரு பழுது அல்ல

பழைய ஸ்டீரியோ ரிசீவர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போகிறவர், பெரும்பாலும் மூடியின் திருகுகளைக் கழற்றுவதற்கு முன்பே தீர்ப்பைக் கேட்டுவிட்டுத் திரும்புகிறார். "எந்த வருஷத்து செட்டு சார் இது? எழுபத்தஞ்சா? அப்ப விட்டுடுங்க. போர்டு போயிருக்கும். இதுக்கெல்லாம் இப்ப பார்ட்ஸ் வராது. செலவு பண்ற காசுக்குப் புதுசே வாங்கிடலாம்." இதில் ஒரு வார்த்தைகூட அளந்து பார்த்துச் சொன்னதல்ல. செட்டின் வயதைக் கேட்டதும் மற்றதெல்லாம் தானாக வந்து விழுந்துவிட்டது.

கடைக்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. வீட்டில் இருப்பவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். இடத்தை அடைக்கிறது என்கிறார்கள். காயலான் கடைக்காரர் அதை இரும்பாகவும் செம்பாகவும் அலுமினியமாகவும் பிரித்து எடை பார்க்கிறார். விவரம் தெரிந்த நண்பர், ஐம்பது வருஷம் ஓடியதே பெரிது என்று ஆறுதல் சொல்கிறார். மின்னணுச் சாதனத்துக்கு ஓர் ஆயுள் உண்டு, அது முடிந்தால் முடிந்ததுதான் என்பது இன்று ஏறக்குறைய எல்லோரும் ஏற்றுக்கொண்ட கருத்து. செல்போனை மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிப் பழகியவர்களுக்கு அது இயல்பாகவும் தோன்றும். ஆனால் 1970-களின் ரிசீவருக்கு அந்தக் கருத்து பொருந்தவே பொருந்தாது. அந்தச் செட்டுகள் எப்படிச் செய்யப்பட்டன, எதனால் கெடுகின்றன என்று பார்த்தாலே அது உடைந்துபோகும்.

ரேடியோ ட்யூனர், ப்ரீஆம்ப், பவர் ஆம்ப் மூன்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்கியதுதான் ரிசீவர். 1961 ஜூனில் அமெரிக்காவில் எஃப்எம் ஸ்டீரியோ ஒலிபரப்பு தொடங்கியது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் ஸ்டீரியோ ரிசீவர் அங்கே நடுத்தர வீட்டுக் கூடங்களின் மையப் பொருளாகிவிட்டது. மராண்ட்ஸ் 2270 வந்தது 1971-இல். பெயரின் கடைசி இரண்டு எண்களே ஒரு பக்கத்துக்கு எத்தனை வாட் என்று சொல்லிவிடும்: 2230 என்றால் 30, 2245 என்றால் 45, 2270 என்றால் 70. ஸ்டேஷன் பிடிக்க அதில் குமிழைத் திருக வேண்டியதில்லை. முகப்பில் படுக்கைவாட்டில் பதிந்திருக்கும் ஒரு சக்கரத்தை விரலால் தள்ளிவிட்டால் போதும். அது தன் கனத்திலேயே கொஞ்சம் ஓடி நிற்கும். 1976-இல் பயனியர் எஸ்எக்ஸ்-1250 ஒரு பக்கத்துக்கு 160 வாட்டோடு வந்தது. எடை சுமார் 30 கிலோ. 1978-இல் அதே கம்பெனியின் எஸ்எக்ஸ்-1980, 270 வாட், 35 கிலோ. அன்றைய விலை 1,250 டாலர். இன்றைய மதிப்பில் ஏறத்தாழ 6,000 டாலர்.

இந்த எடைக்குக் கம்பெனிகளுக்கிடையிலான போட்டி ஒரு காரணம். இன்னொரு காரணத்தைப் பலரும் மறந்துவிட்டார்கள்: சட்டம்.

1974 நவம்பருக்கு முன் அமெரிக்காவில் ஆம்ப்ளிஃபயர் விளம்பரங்கள் 'மியூசிக் பவர்', 'பீக் பவர்' என்று வாய்க்கு வந்த எண்களால் நிறைந்திருந்தன. நம்மூரில் டேப்ரிகார்டர் பெட்டிகளில் ஒட்டியிருந்த 'பிஎம்பிஓ 1000 வாட்' ஸ்டிக்கரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வித்தை நன்றாகத் தெரியும். ஃபெடரல் டிரேட் கமிஷன் கொண்டுவந்த விதி அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. தொடர்ந்து தரக்கூடிய வாட் எவ்வளவு, எந்த அதிர்வெண்ணிலிருந்து எந்த அதிர்வெண் வரை, எவ்வளவு ஒலித்திரிபோடு என்று சேர்த்துச் சொல்லியாக வேண்டும். அதோடு ஒரு கடுமையான நிபந்தனையும் இருந்தது. அளப்பதற்கு முன், சொல்லும் வாட்டில் மூன்றில் ஒரு பங்கை ஒரு மணி நேரம் தொடர்ந்து கொடுத்தபடி ஆம்ப் ஓட வேண்டும். இது லேசான சோதனை போலத் தெரியும். ஆனால் இந்த ரிசீவர்களின் ஆம்ப் சர்க்யூட்டில் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் மிக அதிகமாகச் சூடாவது முழு வாட்டில் இல்லை. முழு வாட்டின் 40 சதவீதத்துக்கு அருகில்தான். மூன்றில் ஒரு பங்கு என்பது ஏறக்குறைய அந்த இடம். ஒரு மணி நேரம் அந்தக் கொதிப்பைத் தாங்க வேண்டுமென்றால் பெரிய டிரான்ஸ்பார்மரும் கனத்த ஹீட் சிங்க்கும் போட்டே ஆக வேண்டும். போட்டார்கள். 2000-இல் இந்த நிபந்தனை எட்டில் ஒரு பங்காகத் தளர்த்தப்பட்டது. 2024-இல் அளவீட்டு விதி மறுபடி இறுக்கப்பட்டது: 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 8 ஓம் ஸ்பீக்கரில், 1 சதவீதத்துக்கும் குறைவான திரிபோடு எவ்வளவு என்று சொல்ல வேண்டும்.

அப்படிக் கட்டிய ஆம்ப் வீட்டில் எவ்வளவு வேலை செய்கிறது? சாதாரண அறையில் பேச்சுக்கு இடைஞ்சல் இல்லாமல் பாட்டுக் கேட்க ஒன்றிரண்டு வாட் போதும். அறுபது எழுபது வாட்டுக்கான வெப்பத்தைத் தாங்கும்படி செய்த பாகங்கள் வாழ்நாள் முழுவதும் அதில் சிறு பகுதியைத்தான் சுமந்திருக்கின்றன. ஐம்பது வருஷம் ஓடியதே பெரிது என்று சொல்கிறவர் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

இனி மூடியைத் திறக்கலாம். எஸ்எக்ஸ்-1250-க்குள் முதலில் கண்ணில் படுவது டிரான்ஸ்பார்மரும், பக்கத்தில் 22,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள் நான்கும். பவர் ஆம்புக்குத் தனி போர்டு, ட்யூனருக்குத் தனி, ஃபோனோவுக்குத் தனி. ஒவ்வொரு டிரான்சிஸ்டரின் தலையிலும் அதன் எண் அச்சிட்டிருக்கும். எந்தப் பாகத்தையும் சாதாரண சால்டரிங் அயர்னால் சூடு காட்டிக் கழற்றிவிடலாம். பெரும்பாலானவை இரண்டு கால் அல்லது மூன்று கால்தான். நினைவகம் கிடையாது, சாஃப்ட்வேர் கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது. கூடவே கம்பெனி போட்ட சர்வீஸ் மேனுவல் இருக்கிறது. முழு சர்க்யூட் வரைபடம், போர்டில் எந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்ற படம், எந்த இடத்தில் எத்தனை வோல்ட் வர வேண்டும் என்ற எண்கள், ட்யூனரைச் சீரமைக்கும் படிகள் எல்லாம் அதில் உண்டு. டீலர் கடையின் மேசையில் விரித்துவைத்துக்கொண்டு வேலை பார்ப்பதற்காகவே எழுதப்பட்ட புத்தகம் அது. இன்று பெரும்பாலான மாடல்களுக்கு ஸ்கேன் பிரதி கிடைக்கிறது. பழுது வரும், வந்தால் ஒருவர் உட்கார்ந்து சரிசெய்வார் என்று முன்கூட்டியே நினைத்துச் செய்த பொருள் இது. இதைச் செல்போனுக்கு இருக்கும் கண்ணோட்டத்தில் எடைபோடுவது பெரிய அநியாயம்.

"பார்ட்ஸ் வராது" என்ற வாதம்தான் மிகவும் பரவியிருக்கிறது. அதைப் பாகம் பாகமாகப் பார்த்துவிடுவது நல்லது. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர், நம் மெக்கானிக்குகள் வாயில் கண்டென்சர், இன்றும் கோடிக்கணக்கில் உற்பத்தியாகிறது. அதே மதிப்புள்ள இன்றைய கெப்பாசிட்டர் பழையதைவிடச் சிறியது. வெப்பம் தாங்குவதில் 105 டிகிரி வகை எளிதாகக் கிடைக்கிறது. ரெசிஸ்டர், டையோடு, பியூஸ், ரிலே எல்லாம் ரிச்சி தெரு மாதிரி எந்த உதிரிபாகச் சந்தையிலும் சில்லறைக்கு வாங்கக்கூடியவை. டயலுக்குப் பின்னால் எரியும் பியூஸ் வடிவ விளக்குகள், பயனியரில் 8 வோல்ட் 300 மில்லியாம்பியர் வகை, இன்றும் செய்கிறார்கள். அதே வடிவில் எல்இடியும் உண்டு. அன்றைய ஜப்பானியச் செட்டுகளில் வயதானதும் கரகரக்கத் தொடங்கும் சிறு டிரான்சிஸ்டர்கள் என்று பெயர் வாங்கிய சில எண்கள் இருக்கின்றன: 2எஸ்சி458, 2எஸ்ஏ726 போன்றவை. கால்கள் கறுத்துப்போன 2எஸ்சி458-ஐப் பார்த்ததுமே அனுபவசாலிகள் கழற்றிவிடுவார்கள். அவற்றின் இடத்தில் கேஎஸ்சி1845, கேஎஸ்ஏ992 என்ற இன்றைய, இரைச்சல் குறைந்த டிரான்சிஸ்டர்களைப் போடுவது பழுதுபார்ப்பவர்களிடையே வழக்கமாகிவிட்ட முறை. பெரிய உலோகத் தொப்பி அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விட்டாலும் ஆன்செமியின் எம்ஜே21193, எம்ஜே21194 ஜோடி பல செட்டுகளில் உட்கார்ந்துகொள்ளும்.

நிஜமான ஆபத்து பாகம் கிடைக்காததில் இல்லை. போலி கிடைப்பதில் இருக்கிறது. உற்பத்தி நின்றுபோன ஜப்பானிய டிரான்சிஸ்டர் எண்ணை, ஏதோ ஒரு மலிவுத் துண்டின் தலையில் அச்சடித்து விற்கும் வியாபாரம் உலகம் முழுக்க நடக்கிறது. மாட்டி, சத்தத்தை ஏற்றியதும் வெடித்துவிடும். 'பழைய செட்டு, எத்தனை மாற்றினாலும் நிற்காது' என்று சொல்கிறவர்களில் சிலர் போலிப் பாகத்தில் சூடுபட்டவர்கள். பழி செட்டின் மேல் விழுந்துவிடுகிறது.

கிடைக்காத பாகங்களும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. 1970-களின் பிற்பகுதியில் சில மாடல்களில் தனித்தனி டிரான்சிஸ்டர்களுக்குப் பதிலாக முழு அவுட்புட் பகுதியையும் ஒரே கட்டையாக அடைத்த சான்யோ எஸ்டிகே மாட்யூல்களைப் போட்டார்கள். பயனியர் எஸ்எக்ஸ்-780-இல் இருப்பது அந்த வகை. அந்தக் கட்டைகளின் உற்பத்தி நின்று நாளாயிற்று. சந்தையில் போலிகள் அதிகம். டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனால் அதே அளவில் சுற்றித் தரும் கைகள் குறைவு. சில ட்யூனர் ஐசிகள், பல அடுக்கு வால்யூம் கண்ட்ரோல், உடைந்துபோன முகப்புக் கண்ணாடி ஆகியவற்றுக்கு இன்னொரு செத்த செட்டைத்தான் தேட வேண்டும். வெள்ளத்தில் மூழ்கிய செட்டையும் எலி கூடுகட்டி மூத்திரத்தால் போர்டை அரித்துவிட்ட செட்டையும் பார்த்து 'விட்டுவிடுங்கள்' என்று சொல்வது சரியான பேச்சு. ஆனால் இவை ஒவ்வொன்றும் திறந்து பார்த்தால் மட்டுமே தெரிகிற காரணங்கள். 1975 என்ற எண் இதில் எதையும் சொல்வதில்லை.

திறந்து பார்த்தால் பெரும்பாலும் என்ன கிடைக்கிறது? ஒரு பக்கம் பாடவில்லை, சத்தத்தைக் கூட்டினால் படக்கென்று வருகிறது, குறைத்தால் மறுபடி போய்விடுகிறது என்பது பழைய ரிசீவர்களின் ஓயாத புகார். இதைக் கேட்டு 'அந்த சேனல் போச்சு' என்பார்கள். சேனல் உண்மையிலேயே போயிருந்தால் சத்தத்தைக் கூட்டியதும் அது எப்படித் திரும்பி வரும்? மெல்லிய சிக்னல் கடக்க முடியாத ஓர் அழுக்குப்படலத்தை வலுத்த சிக்னல் முட்டித் தள்ளிக் கடக்கிறது, அவ்வளவுதான். படலம் இருக்கும் இடம் ஸ்பீக்கர் ரிலேயின் தொடுமுனை, அல்லது டேப் மானிட்டர், மோட் போன்ற சுவிட்சுகள், அல்லது வால்யூம் கண்ட்ரோல். வெள்ளி பூசிய தொடுமுனைகள் ஐம்பது ஆண்டுக் காற்றில் கறுத்துப்போயிருக்கின்றன. மின்தொடர்புகளுக்கென்றே செய்த கிளீனர் ஸ்பிரேயைச் சுவிட்சுக்குள் அடித்து, முப்பது நாற்பது முறை முன்னும் பின்னும் அசைத்தால் பாதி வேலை முடிந்தது. கதவுக் கீலுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்பிரே இதற்கு ஆகாது. இன்று சரியானது போலத் தோன்றி, நாளை தூசியைப் பிடித்துப் பசையாகிவிடும். ரிலே தேய்ந்திருந்தால் புதிதாக ஒன்று மாற்றலாம்.

எந்தப் பக்கத்தில் குறை என்று கண்டுபிடிக்கவும் அந்தக் காலத்து வடிவமைப்பாளர்கள் வழி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பின்பக்கத்தில் 'ப்ரீ அவுட்', 'மெயின் இன்' என்று இரண்டு ஜோடி சாக்கெட்டுகளை வளைகம்பியால் இணைத்திருப்பார்கள். செட்டை அணைத்துவிட்டு, அந்தக் கம்பியை எடுத்து, இடது ப்ரீஆம்பை வலது பவர் ஆம்புக்கும் வலதை இடதுக்கும் ஆர்சிஏ கேபிளால் மாற்றிக் கொடுத்துப் பார்க்கலாம். குறை பக்கம் மாறினால் அது ப்ரீஆம்பில். மாறாமல் அதே ஸ்பீக்கரில் நின்றால் பவர் ஆம்பில் அல்லது ரிலேயில். பத்து நிமிஷ வேலை, செலவு எதுவுமில்லை. இதைச் செய்யாமல் 'போர்டு' என்ற ஒற்றைச் சொல்லால் முப்பது கிலோ செட்டை முடித்துவைக்கிறார்கள்.

இன்னொரு காட்சியும் அடிக்கடி நடப்பது. செட்டில் விளக்கு எரிகிறது, ரேடியோ மீட்டர் ஆடுகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. துடைக்கும்போது யாரோ டேப் மானிட்டர் பொத்தானை உள்ளே அழுத்திவிட்டிருப்பார்கள். அந்த நிலையில் ரிசீவர், இல்லாத ஒரு டேப் டெக்கிலிருந்து பாட்டு வரும் என்று காத்திருக்கிறது. பொத்தானை வெளியே எடுத்தால் பாடும்.

உள்ளே நிஜமாகவே ஏதோ எரிந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும் முதல் முறை மின்சாரம் கொடுக்க நல்ல வழி இருக்கிறது. பழைய மெக்கானிக்குகளின் மேசையில் எப்போதும் ஒரு சீரிஸ் பல்பு இருக்கும். நூறு வாட் குண்டு பல்பைச் செட்டோடு தொடராக இணைத்து சுவிட்சைப் போட்டால், பல்பு ஒருமுறை பளிச்சிட்டு மங்கிவிட வேண்டும். பிரகாசமாகவே எரிந்துகொண்டிருந்தால் உள்ளே ஷார்ட். பல்புதான் எரிகிறது, செட்டுக்கு மேற்கொண்டு சேதமில்லை. பல்பு மங்கிய பிறகு இரண்டு அளவுகள் எடுக்க வேண்டும். ஸ்பீக்கர் முனையில் நேர்மின்னழுத்தம் எவ்வளவு இருக்கிறது, அதாவது ஆஃப்செட். ஐம்பது மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. பிறகு நேரடி மின்சாரத்தில், எமிட்டர் ரெசிஸ்டரின் குறுக்கே, பாட்டு இல்லாதபோதும் ஓடும் மின்னோட்டமான பயாஸ், மேனுவல் சொல்லும் அளவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில நூறு ரூபாய் மல்டிமீட்டரே இரண்டுக்கும் போதும். மூடி திறந்த செட்டில் 230 வோல்ட் ஓடுகிறது என்பதையும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தப் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தேங்கி நிற்கும் என்பதையும் மறக்கக் கூடாது. ரெசிஸ்டர் வழியாக அதை வடித்துவிட்டுத்தான் கைவைக்க வேண்டும். பழக்கமில்லாதவர் இந்தக் கட்டத்தில் தெரிந்தவரிடம் கொடுப்பதுதான் முறை.

"செலவு பண்ற காசுக்குப் புதுசே வாங்கலாம்" என்பவர் எந்தப் புதுசைச் சொல்கிறார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. பழைய ரிசீவரின் வேலையைச் செய்கிற, ஃபோனோ வசதியோடு கனமாகக் கட்டிய புதிய ஸ்டீரியோ ஆம்ப் இன்றும் விற்கிறது; அதன் விலை பழுதுக்கூலியைவிடப் பல மடங்கு. அவர் மனசில் இருப்பது பெரும்பாலும் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர், அல்லது டிவியோடு இணைக்கும் ஏவி ரிசீவர். ஏவி ரிசீவரின் கதையையே எடுத்துக்கொள்ளலாம். எச்டிஎம்ஐ வழியாக வரும் படத்துக்குத் திருட்டுத் தடுப்புப் பூட்டு ஒன்று உண்டு. 4கே காலத்துக்காக அந்தப் பூட்டின் புதிய பதிப்பான எச்டிசிபி 2.2, 2013-இல் வந்தது. அதற்கு முன் வாங்கிய ஏவி ரிசீவர், உள்ளே ஒரு பாகமும் கெடாமலே, பூட்டிய 4கே படத்தைக் கடத்த முடியாததாக ஆகிவிட்டது. ஆம்ப் நன்றாகத்தான் இருந்தது, ஒப்பந்தம் மாறிவிட்டது. மராண்ட்ஸ் 2270-இன் ஆக்ஸ் சாக்கெட்டுக்கு இப்படி எதுவும் நேரவில்லை. 1982-இல் வந்த சிடி பிளேயரை அது ஏற்றுக்கொண்டது, 2001-இல் வந்த ஐபாடை ஏற்றுக்கொண்டது, இன்றைய போனையும், டிஜிட்டலை அனலாக் ஆக்கும் ஒரு சின்ன டிஏசி வழியாக ஏற்றுக்கொள்கிறது. அது எதிர்பார்ப்பது வெறும் வோல்டேஜ். அமெரிக்காவில் 2022-இல் இசைத்தட்டு விற்பனை சிடி விற்பனையை 1987-க்குப் பிறகு முதல் முறையாக எண்ணிக்கையில் தாண்டியது. இசைத்தட்டுக்கு வேண்டிய ஃபோனோ சர்க்யூட்டும் இந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அப்படியிருக்க, எது காலாவதியானது?

பழுதுச் செலவில் பெரும்பங்கு கூலி. உட்கார்ந்து, அளந்து, கண்டுபிடிக்க அரை நாள் ஆகலாம். அதற்கு உரிய கூலி கொடுக்க மனமில்லாத ஊரில் திறமையான மெக்கானிக் எப்படி மிஞ்சுவார்? பாகத்தின் விலை இவ்வளவுதானே என்று பேரம் பேசுகிற வாடிக்கையாளரும் சேர்ந்துதான் அவரைச் செல்போன் டிஸ்ப்ளே மாற்றும் வேலைக்குத் துரத்தியிருக்கிறார். இதுவும் சொல்லப்பட வேண்டியது.

அளக்காமல் வயதை வைத்தே முடிவெடுக்கும் தவறு எதிர்த் தரப்பிலும் நடக்கிறது. பழைய செட்டைக் காப்பாற்ற விரும்புகிறவர்களில் பலர், கிடைத்த அன்றே கெப்பாசிட்டர் அத்தனையையும் கழற்றி மாற்ற வேண்டும் என்கிறார்கள். காரணம் கேட்டால் மறுபடி வயதுதான். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் வெப்பத்தைப் பொறுத்தது. பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது துறையில் எல்லோரும் பயன்படுத்தும் தோராய விதி. 85 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று உத்தரவாதம் தந்த கெப்பாசிட்டர் 45 டிகிரியில் இருந்தால் நான்கு முறை இரட்டிப்பாகி 32,000 மணி நேரம். தினம் இரண்டு மணி நேரம் பாட்டுக் கேட்டால் அது ஏறத்தாழ 44 ஆண்டு. சும்மா கிடந்தாலும் உள்ளே இருக்கும் திரவம் மெல்ல உலரும் என்பதால் இந்த எண்ணைச் சத்தியமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் குளிர்ந்த மூலையில் இருக்கும் கெப்பாசிட்டரும் ஹீட் சிங்க்கை ஒட்டி வெந்துகொண்டிருக்கும் கெப்பாசிட்டரும் ஒரே நாளில் சாகாது என்பதை இது காட்டுகிறது. கெப்பாசிட்டரின் உள்தடையைக் காட்டும் ஈஎஸ்ஆர் மீட்டர் வைத்துப் பார்த்தால் எது உலர்ந்தது என்று தெரிந்துவிடும். பார்க்காமல் இருநூறு கால்களைச் சூடுகாட்டிக் கழற்றுகிறவர் ஐம்பது வயது போர்டின் செம்புத் தடங்களைப் பிய்த்துவிடுகிறார், துருவம் மாற்றிப் போட்டுவிடுகிறார். நன்றாகப் பாடிக்கொண்டிருந்த செட்டு அதற்குப் பிறகுதான் நோயாளியாகிறது. அளக்காமலே அகற்றலாம் என்று ஒப்புக்கொள்ளக்கூடிய ஒன்று, பாகங்களைப் பிடித்துவைக்க அன்று சில கம்பெனிகள் தடவிய பழுப்புநிறப் பசை. அது காலப்போக்கில் அரிக்கும் தன்மை பெற்று, பக்கத்துக் கால்களைத் தின்கிறது. அதைக் கண்டால் சுரண்டி எடுத்துவிட வேண்டும்.

மூன்றாவது கூட்டம் பக்தர்களுடையது. பழைய ரிசீவரில் ஒரு 'இதமான' ஒலி உண்டு, இன்றைய ஆம்புகளுக்கு அது வராது என்பது அவர்கள் கட்சி. அன்புதான், ஆனால் பழைய செட்டின் வழக்கை இது பலவீனப்படுத்துகிறது. மராண்ட்ஸ் 2270-க்குக் கம்பெனி சொன்ன ஒலித்திரிபு முழு வாட்டில் 0.3 சதவீதம், எஸ்எக்ஸ்-1250-க்கு 0.1; எஸ்எக்ஸ்-1980-க்கு 0.03. பாட்டில் இந்த அளவுத் திரிபைக் காது பிரித்தறிவது மிகக் கடினம். இந்தச் செட்டுகளைக் கட்டிய பொறியாளர்கள் தங்கள் ஆம்ப் பாட்டின் மேல் ஒரு நிறத்தையும் பூசக்கூடாது என்றுதான் போராடினார்கள். பயாஸ் விலகி, கெப்பாசிட்டர் உலர்ந்து, உச்சஸ்தாயி மங்கிப்போன செட்டின் ஒலியை 'இதம்' என்று கொண்டாடுவது அவர்கள் உழைப்புக்குச் செய்யும் மரியாதை ஆகாது. சரிசெய்த ரிசீவர் நல்ல புதிய ஆம்ப் போலவே தெளிவாகப் பாடும் என்பதே அதன் பெருமை.

இந்தியாவில் இதை வைத்துக்கொள்ள நினைப்பவர் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டிய சில நிஜமான இடைஞ்சல்கள் உண்டு. ஜப்பான் உள்நாட்டுச் செட்டு 100 வோல்ட், அமெரிக்கச் செட்டு 120 வோல்ட். நேராக நம் சுவரில் செருகினால் புகைதான். பின்பக்கம் வோல்டேஜ் மாற்றும் வசதி வைத்த ஏற்றுமதி மாடலைத் தேட வேண்டும், இல்லையென்றால் தகுந்த திறனுள்ள ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். அன்றைய ஜப்பானிய எஃப்எம் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். சென்னை ரெயின்போவின் 101.4 அந்த டயலில் இல்லவே இல்லை. அமெரிக்க மாடலில் 88 முதல் 108 வரை இருக்கும், ஆனால் டீ-எம்ஃபசிஸ் எனப்படும் உச்சஸ்தாயிச் சமன் அங்கே 75 மைக்ரோவினாடி, இங்கே 50. அதனால் நம் ரேடியோ அதில் சற்று மந்தமாகக் கேட்கும். மேனுவலைப் பார்த்து ஓரிரு சிறு பாகங்களை மாற்றினால் சரியாகிவிடும். மின்சாரச் செலவைப் பற்றிய புகாரிலும் உண்மை இருக்கிறது. சும்மா ஓடும்போதே 40 வாட் எடுக்கும் செட்டைத் தினம் மூன்று மணி நேரம் வைத்தால் ஆண்டுக்கு 44 யூனிட் ஆகும். டிஜிட்டல் வகைப் புதிய ஆம்ப் இதில் சிறு பங்கைத்தான் எடுக்கும். அதே தராசில் இன்னொன்றையும் வைக்க வேண்டும். 2022-இல் உலகம் தூக்கி எறிந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்தான். நல்ல நிலையில் இருக்கும் முப்பது கிலோ செம்பையும் அலுமினியத்தையும் அந்த மலையின் மேல் போட்டுவிட்டு மின்சாரம் மிச்சம் பிடித்ததாகச் சொல்ல முடியாது.

பழுதுபார்க்கும் உரிமை பற்றி இப்போது சட்டங்கள் வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் ஒரு நெறிமுறையை நிறைவேற்றியது; வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், டிவி, செல்போன் போன்றவை அதன் பட்டியலில் இருக்கின்றன, ஸ்டீரியோ ஆம்ப் இல்லை. இந்திய அரசும் 2022-இல் இதற்கென ஓர் இணையவாசல் தொடங்கியது. உதிரிபாகம் கொடு, வரைபடம் கொடு, திறக்க விடு என்று சட்டம் போட்டுக் கேட்க வேண்டியிருக்கும் இந்த மூன்றையும் 1971-இல் ஒரு ரிசீவர் கம்பெனி யாரும் கேட்காமலே கொடுத்திருந்தது. அப்படிக் கொடுத்துவிட்டுப் போன பொருளை, திறந்துகூடப் பார்க்காமல் எடைக்குப் போடுகிறார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

ஆகவே 'போர்டு போயிருக்கும்' என்ற பதிலைக் கேட்கிறவர் கடையிலேயே நின்று சில கேள்விகள் கேட்கலாம். எந்த போர்டு? எந்த இடத்தில்? மேனுவல் அங்கே எத்தனை வோல்ட் என்கிறது, மீட்டர் எத்தனை காட்டியது? பதில் இருந்தால் அந்த மெக்கானிக்கிடம் தாராளமாக விட்டுவிட்டு வரலாம். அவர் கேட்கும் கூலியையும் கொடுக்கலாம். பதில் இல்லையென்றால் செட்டை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கே கொண்டுவந்து, ஸ்பீக்கரை மாட்டி, முதல் வேலையாக டேப் மானிட்டர் பொத்தான் வெளியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.